நாலு துண்டுக் கோலும் ஒரு வெள்ளைப் புள்ளியும்

உலகத்தில் மீன் பிடிக்கிறவர்கள் உண்டு, மீன் தின்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: தூண்டில் கோலைப் பூட்டுகிறவர்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரையில், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி ஒரு குச்சியின் நீளத்தை அளந்துகொண்டு ஒருவர் நிற்பாரே, அவரேதான்.

நம்ம மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த இனத்தின் தலைமகன். நண்பர்கள் வைத்த பெயர் நூல்பிடியார். கண்ணாடிச் சட்டம் ஒரு மயிரிழை கோணினாலும் தெருவில் போகிற வாடிக்கையாளரைக் கூப்பிட்டு நிமிர்த்தி அனுப்புகிறவர், நாலு துண்டாகக் கழலும் தூண்டில் கோல் ஒன்று கையில் கிடைத்தால் விடுவாரா? ஒவ்வொரு துண்டையும் துணி உறையிலிருந்து உருவி, ஊதி, துடைத்து, மெல்லிய முனையில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து, அடுத்த துண்டின் குழலுக்குள் சற்றே கோணலாகச் செருகி, அப்புறம் திருப்பி நேராக்கி, இரண்டிலும் உள்ள வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று முகம் பார்க்கின்றனவா என்று கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்து, பெருமூச்சு விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மீனா? அது கிடக்கட்டும்.

கோல் வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு ஒரு செதில்கூட வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமை கறாராகச் சொல்லிவிட்டார்.

“இன்னிக்கு ஒரு மீனாவது வரணும். இல்லேன்னா இந்தக் குச்சி பரணுக்குப் போயிடும். நானும் கூட வரேன், சாட்சிக்கு.”

நூல்பிடியார் பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். முக்காலி மட்டம் சரியில்லை என்பதற்காக ஒரு நட்சத்திரத்தையும் பார்க்காமலே போய்விட்ட அவருடைய தொலைநோக்கி, ஏற்கெனவே அந்தப் பரணில்தான் கிடக்கிறது.

ஏரியில் மீன்கள் கண்ணெதிரே துள்ளின. இவர் முதல் இணைப்பைத் தாண்டவில்லை.

“என்னங்க, அங்க பாருங்க, எவ்ளோ பெரிசு!”

“இரும்மா. அழுத்திட்டா இறுகிடும், லேசா விட்டா கழண்டுக்கும். எல்லாம் ஒரு பக்குவம்.”

“நம்ம புள்ளைங்களத் தொட்டில்ல போட்டப்பகூட நான் இவ்ளோ பக்குவம் பாத்ததில்ல.”

வெயில் சாயும்போது கோல் ஒருவழியாக முழுசானது. தூண்டில் நரம்பைக் கோலின் வளையங்களில் கோர்த்து, நுனியில் பூச்சிபோல இறகு சுற்றிய கொக்கியையும் கட்டியாயிற்று. இவ்வளவு பாடுபட்டதைத் தள்ளி நின்று ரசிக்க வேண்டாமா? கோலை மனைவி கையில் கொடுத்துவிட்டு நாலடி பின்னால் போனார். சும்மா நிற்பானேன் என்று அந்த அம்மாள் கொக்கியைத் தண்ணீரில் வீசினார். கோல் வில்லாக வளைந்தது.

“ஐயோ, மாட்டிக்கிச்சுங்க! ஓடி வாங்க!”

ஓடினார். மீனின் வெள்ளை வயிறு தண்ணீரில் புரண்டது. இனிப் பரண் இல்லை! சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கலங்கிய அந்தக் கண்ணில்தான் அதுவும் பட்டது: கைப்பிடித் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே, வெள்ளைப் புள்ளி ஒரு துளி விலகியிருந்தது.

சொல்லுங்கள், அந்த மனிதரால் சும்மா இருக்க முடியுமா?

“அசையாதம்மா, ஒரே நிமிஷம்” என்று இரண்டு கையாலும் இணைப்பைப் பிடித்துத் திருகினார். கழன்றேவிட்டது. மேல் துண்டுகள் மூன்றும் நரம்போடு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கின. நரம்பு தொய்ந்ததுதான் தாமதம், மீன் கொக்கியை உதறிவிட்டுத் தன் வழியே போயிற்று. அந்த அம்மாள் கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சியது.

அதை அப்படியே கணவரிடம் நீட்டினார். நூல்பிடியார் அதிலிருந்த வெள்ளைப் புள்ளியைச் சுட்டிக் காட்டினார்.

“பாத்தியா? புள்ளி விலகினா இப்படித்தான் ஆகும்.”

தண்ணீரிலிருந்து இழுத்துக் காயவைத்த கோல் இப்போது பரணில் இருக்கிறது. அவரே ஏணி போட்டு ஏறி, தொலைநோக்கிக்கு இணையாக, கோணாமல் வைத்துவிட்டு இறங்கினார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் மேலே ‘துண்டுகள் மூன்றும்’ என்று வந்த இடத்தில், நாலில் ஒன்று போனால் மூன்று, கணக்கு சரிதான் என்று மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டது யாராம்? எதற்கும் உங்கள் வீட்டுப் பரணில் கொஞ்சம் இடம் ஒழித்து வையுங்கள்.