இசோகாய் சாருக்கு ஒரு பைனாகுலர்

“யார் கண்ணுக்கு?” என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

நெகிஷிக்குக் கேள்வியே பிடிபடவில்லை. ஆபீஸ் முடிந்து, காலையில் கட்டிய டையைக்கூடத் தளர்த்தாமல், ரயிலில் நின்றபடியே வந்திருந்தார். நல்லதாக ஒரு பைனாகுலர் வேண்டும், பேர் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார். அவள் கண்ணாடி மேஜைமேல் ஒரு கறுப்புத் துணியை விரித்துவிட்டு, எதையும் எடுத்து வைக்காமல் நின்றாள்.

“அவர் மூக்குக் கண்ணாடி போடுவாரா? ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி? கை நடுங்குமா?”

“எங்க டிபார்ட்மென்ட் தலைவருக்கு. ரிடையர் ஆகறார். பரிசா குடுக்கணும்.”

“அப்போ அவரையே கூட்டிட்டு வாங்க.”

“அவருக்குத் தெரியக் கூடாதே.”

அவள் துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். கண்ணுக்குப் பொருந்தாத பைனாகுலர் அலமாரியில்தான் கிடக்கும், அந்தப் பாவத்துக்கு நான் ஆளாக மாட்டேன் என்றாள். நெகிஷி விலைச்சீட்டைப் பார்த்தார். ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம் போலிருந்தது. அவள் சொல்வது நியாயம் என்றே பட்டது.

எல்லாம் புத்தாண்டு விருந்தில் ஆரம்பித்த வினை. ரிடையர் ஆன பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று யாரோ கேட்டார்கள். இசோகாய் சார் சன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதாவது பறவை பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார். வாயிலிருந்து வார்த்தை விழுந்ததுதான் தாமதம். ஆபீசின் எல்லா விருந்துக்கும் பரிசுக்கும் தானாகவே பொறுப்பேற்கும் மாகினோ, மறுநாள் காலையிலேயே பைனாகுலர் என்று முடிவு செய்துவிட்டாள். தேர்ந்தெடுக்கும் வேலை நெகிஷிக்கு. ஏன் நெகிஷிக்கு என்றால், அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அது ஊருக்கே தெரியும்.

மறுப்பதற்கு இன்னொரு தடையும் இருந்தது. கம்பெனி மீன்வலைக் கயிறு விற்கிற கம்பெனி. நாட்டில் எங்கெல்லாம் கடல் உண்டோ அங்கெல்லாம் ஒரு கிளை. நெகிஷி ஒவ்வொரு கடலாகப் பார்த்தாகிவிட்டது. மனைவி யோஷிமியும் மகளும் சிபாவில் சொந்த வீட்டில் இருக்க, இவர் எங்கோ ஒரு கம்பெனிக் குடியிருப்பில் தனியாகத் துணி துவைத்து, தனியாக நூடுல்ஸ் கொதிக்க வைத்துச் சாப்பிட்டுக் காலம் தள்ளினார். போன வசந்தத்தில்தான் வீடு வந்து சேர்ந்தார். மகள் ஆரம்பத்தில் விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இப்போதுதான் அவர் உள்ளே நுழையும்போது “வந்துட்டீங்களா” என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் படியேறி வருவார்.

அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியது இரண்டே. ஞாயிற்றுக்கிழமை தன் படுக்கையில் தூங்க வேண்டும். ஏப்ரலில் மாற்றல் வரக் கூடாது. யாரை எங்கே அனுப்பலாம் என்று இசோகாய் சார் சொல்வதுதான் மேலிடத்தில் எடுபடும். அப்படிப்பட்ட மனிதருக்குக் கொடுக்கும் பரிசு கோணலாகிப் போனால் என்ன ஆவது?

நேரே கேட்டால் தீர்ந்தது என்பீர்கள். எங்கள் ஆபீசில் நேரே கேட்பவர்கள் யாரும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் நெகிஷி ஒரு பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மேஜையின் மறுகோடியில் இருந்த இசோகாய் சாரின் கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கப் பார்த்தார். சார் தலையைத் திருப்பினார். நெகிஷியும் பென்சிலைத் திருப்பினார். கயிற்று விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் இசோகாய் சார் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“என்னய்யா, உடம்புக்கு ஏதாவது? இல்லே, வேலையை விடப் போறியா?”

நெகிஷிக்கு வேர்த்துவிட்டது. “இல்லே சார். எனக்கு... பறவை பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. பைனாகுலர் வாங்கணும். உங்களைக் கேக்கலாமா வேண்டாமான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

இசோகாய் சார் மேஜைமேல் கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

“பறவையா” என்றார் கடைசியில்.

“ஆமா சார்.”

“நல்ல விஷயம். நாளைக்கே கடைக்குப் போவோம்.”

மறுநாள் இருவரும் போனார்கள். அந்தப் பெண் நெகிஷியை முன்பின் பார்த்தறியாதவள் போல வணங்கினாள். கெட்டிக்காரி. பெரியவர் முதலில் பார்த்துச் சொல்லட்டும் என்ற சாக்கில் ஒவ்வொரு பைனாகுலராக எடுத்து இசோகாய் சார் கண்ணில் வைத்து, நடுக்கீலை மடக்கி, இடைவெளியைத் தன் உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள். எட்டு மடங்கு பெரிதாக்குவதையும் காட்டினாள், பத்து மடங்கையும் காட்டினாள். பத்தில் பறவை பெரிதாகத் தெரியும், ஆனால் கை ஆடினால் பறவையும் பெரிதாக ஆடும் என்றாள். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வேலை முடிந்தது என்று நெகிஷி மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது.

“எதிர்க் கட்டிடத்துப் போர்டைப் பாத்து என்னய்யா தெரியும்?” என்றார் சார். “நீ பாக்கப் போறது பறவை. பறவையை வெச்சுத்தான் பாக்கணும்.”

அந்தப் பெண்ணுக்குத் தொழில் பக்தி அதிகம். சனிக்கிழமை இரவலாக எடுத்துப் போங்கள், திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுங்கள், ஒவ்வொரு வாரமும் ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பாருங்கள் என்று முகம் மலர்ந்து சொன்னாள். நெகிஷி அவளைக் கெஞ்சுவது போலப் பார்த்ததை அவள் நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றோடு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விடிவதற்கு முன் முதல் ரயில். வளைகுடா ஓரத்தில் சேற்று வெளி. கடல் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகெலும்பை எண்ணிப் பார்க்கும். இசோகாய் சார் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, மனைவி கட்டிக் கொடுத்த சோற்று உருண்டைகளோடு நெகிஷிக்கு முன்பே வந்து நிற்பார். பறவைப் புத்தகத்தைப் பிரித்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். “இது அதுவா இருக்குமோ?” என்பார். “இருக்கலாம் சார்” என்பார் நெகிஷி. இருவருக்கும் பதில் தெரியாது.

முதல் ஞாயிறு தாங்கினார். அடுத்த ஞாயிறு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பைனாகுலரைக் கண்ணில் வைத்து, முழங்கையைத் தடுப்புக் கம்பியில் ஊன்றிக்கொண்டால் நின்றபடியே தூங்கலாம். கண் மூடியிருப்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவு விலை ஏன் என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மலிவானதில் ரப்பர் விளிம்பு இமையை அறுக்கும். உயர்ந்த ரகத்தில் தலையணை போல இதமாக இருந்தது.

விழித்தபோது இசோகாய் சார் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நேரம்யா அசையாம நிக்கறே” என்றார். “இப்படி ஒரு ஈடுபாட்டை நான் பாத்ததில்லே.”

சாரிடமும் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு நாள் அவர் வெகுநேரமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெகிஷி திரும்பிப் பார்த்தபோது, அவருடைய பைனாகுலரின் முன்மூடிகள் இரண்டும் மூடியபடியே இருந்தன. சொல்லலாமா என்று யோசித்தார். மேலதிகாரியிடம் நீங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தன் பைனாகுலரையும் கடல் பக்கமே திருப்பிக்கொண்டார்.

பிப்ரவரியில் நெகிஷிக்கு மூக்கிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. ஆபீசில் கணினி முன் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தது. மகள் வீட்டில் இருக்கிற ஒரே நாளில் தான் சேற்றில் நிற்கிறோமே என்று நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. இதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்தார்.

விலை கட்டுப்படியாகாது சார், இந்த ஆசையையே விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். இசோகாய் சார் பாதிச் சோற்று உருண்டையோடு அப்படியே நின்றுவிட்டார். ஆசையை அப்படியெல்லாம் விடக் கூடாது, கடை இரவல் கொடுக்கிற வரை தான் துணைக்கு வருவதாகச் சொன்னார். மழை பெய்தாலும் வருவதாகச் சொன்னார். அடுத்த வாரம் பெய்தது. வந்தார்.

அதற்கடுத்த வாரம் நெகிஷி கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறா சார். ஞாயித்துக்கிழமை வீடு தங்கறதில்லேன்னு ஒரே சண்டை.”

யோஷிமி அப்படி எதுவும் சொல்லவில்லை. மேலதிகாரி கூப்பிட்டால் போகத்தான் வேண்டும் என்று அவளே அலாரம் வைத்து எழுப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இசோகாய் சார் சேற்றைப் பார்த்தபடி நின்றார். பிறகு நெகிஷியின் தோளில் கை வைத்தார். அவர் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் அல்ல.

“ஏப்ரல் விஷயமா மேலிடத்துல பேசிட்டேன்யா. உன் மனசு எனக்குத் தெரியும். நீ கவலைப்படாதே.”

நெகிஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. பைனாகுலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பட்ட பாடெல்லாம் வீண் போகவில்லை. அன்று வீட்டில் யோஷிமி விசேஷ நாளில் செய்வது போலச் சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்கினாள். மகள், அப்படியானால் இனி அப்பா இங்கேதானா என்று கேட்டாள். இங்கேதான் என்றார்.

மறுநாளே கடைக்குப் போய், எட்டு மடங்கில் ரப்பர் விளிம்பு மிக இதமாக இருந்ததைக் காட்டி, இதுதான் என்றார். எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று அந்தப் பெண் ஆவலாகக் கேட்டாள். கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது என்றார் நெகிஷி. அது சத்தியமான வார்த்தை.

மாற்றல் உத்தரவுக்கு முந்தைய வாரம் பிரிவுபசார விருந்து. மாகினோ பெட்டியை நீட்டினாள். இசோகாய் சார் பிரித்தார். வெளியே எடுத்து வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

“இதை யார் தேர்ந்தெடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்” என்றார். “தான் வாங்க முடியாததை எனக்குன்னு எடுத்துக் குடுத்திருக்கான். நான் இதை மறக்க மாட்டேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நெகிஷி எழுந்து வணங்கினார். வேறென்ன செய்வது.

விருந்து கலைகிற நேரத்தில் பூங்கொத்துகளை எடுத்துப் போக இசோகாய் சாரின் மனைவி காரோடு வந்திருந்தார்; உள்ளே தலைகாட்டிவிட்டு வந்து கார் அருகே நின்றார். உள்ளே சாரைச் சூழ்ந்துகொண்டு யாரும் விடவில்லை. நெகிஷிதான் பூக்களைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் அடுக்கினார். அந்த அம்மாள் இடுப்பு வளைய வணங்கினார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் இருந்தது. விடிவதற்கு முன் சோற்று உருண்டை பிடித்த கண்கள்.

“உங்ககிட்டே இப்பவாவது சொல்லிடறேன்” என்றார் அந்த அம்மாள். “அவருக்குப் பறவைன்னாலே ஆகாது. புறாவைக் கண்டா எதிர்ப்பக்கம் போயிடுவார். அன்னிக்கு விருந்துல ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னதுதான்.”

“அப்போ ஏன் அம்மா வாராவாரம்...”

“நீங்க ஆசையாக் கேட்டுட்டீங்களாம். தனியா விட மனசு வரலையாம்.”

நெகிஷிக்குச் சிரிப்பு வந்தது. பறவை வேண்டாத இரண்டு பேர் ஒரு குளிர்காலம் முழுக்கச் சேற்றில் நின்றிருக்கிறார்கள். அந்த மூடிகளை நினைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனிதர். போகட்டும், இனி ஞாயிற்றுக்கிழமை அவரும் தூங்குவார், நானும் தூங்குவேன். மனம் லேசாகிவிட்டது. அந்த அம்மாளுக்கு விடைகொடுக்கத் தலை வணங்கினார்.

நிமிர்ந்தபோது அந்த அம்மாள் பைனாகுலர் பெட்டியை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“இது உங்களுக்குத்தான். நேரா குடுக்கக் கூச்சமா இருக்காம், என்கிட்டே குடுத்தனுப்பினார். நெமுரோ கிளைக்கு வேற யாரையோ போட்டிருந்தாங்களாம், இவர்தான் மேலிடத்துல மன்றாடி உங்க பேரை மாத்தி வாங்கியிருக்கார். வடகோடிக் கடல், பாதி வருஷம் பனி, மனுஷங்களை விடப் பறவைதான் ஜாஸ்தியாம். வேண்டாம்னு சண்டை போட வீட்டுலயும் யாரும் இருக்க மாட்டாங்க பாருங்க.”