இரண்டாம் சாவி உங்கள் வீட்டில் இருக்கிறது

மதிப்பும் அன்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் அக்கா அங்கே இருக்கிறாள் அல்லவா, வேளைக்குச் சாப்பாடும் வேளைக்கு மருந்தும் தானாக நடக்கும். இங்கே நானும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பக்கத்தில் அவள் இருப்பாள், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு ஏதாவது உளறிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். விஷயம் ஒரு சாவியைப் பற்றியது, அவ்வளவுதான். வேறு எந்த வருத்தமோ ஏக்கமோ எனக்கு இல்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. பல் டாக்டர் என்னை நாற்காலியில் சாய்த்து, வாய் நிறையப் பஞ்சை அடைத்து, அதற்குள் ஒரு குழாயையும் விட்டுவிட்டு, கிரிப்டோ என்கிற, கண்ணுக்குத் தெரியாத கணினிப் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாய் காலியாக இருந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே இதெல்லாம் ஏமாற்று வேலை என்று சொல்லி எழுந்து வந்திருப்பேன். மறுத்துப் பேச வழியில்லாமல் முழுவதையும் கேட்கும்படி ஆகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் குறுக்கிடாமல் கேட்ட முதல் விஷயம் இதுதான் என்று உங்கள் அக்கா சொல்வாள், சொல்லிக்கொள்ளட்டும். கடைசியில் டாக்டர் பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "இதுல வங்கி கிடையாது, மேனேஜர் கிடையாது. கணக்கோட நகல் எல்லார்கிட்டயும் இருக்கும். யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை சார்." மாப்பிள்ளை, அந்த நிமிடம் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. பல் வலி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? தலைமைக் காசாளராக இருந்த காலம் முழுக்க நான் ஒருவரையும் நம்பியதில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து முத்திரையோடு வந்த நோட்டுக்கட்டையும் பிரித்து எண்ணுவேன். எண்ணி முடித்ததும், இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன் என்பேன். அதனால் வங்கியில் எனக்குப் பெயரே 'இன்னொருதரம் சார்'. எங்கள் கல்யாணத்தின்போது உங்கள் அப்பா கொடுத்த கவரை அவர் எதிரிலேயே பிரித்து எண்ணியதை உங்கள் குடும்பம் இன்றுவரை மறக்கவில்லை. அதில் ஒரு நோட்டு அதிகமாக இருந்தது, நான் திருப்பிக் கொடுத்தேன் என்பதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். இப்படி ஊரெல்லாம் கேலி செய்த என் குணத்தை, உலகம் முழுக்கக் கெட்டிக்காரர்கள் கூடி ஒரு தத்துவமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அன்றிலிருந்து என் பார்வையே மாறிவிட்டது. ஒரு நோட்டை மேஜைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் நான் எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணியது ஒரு காகிதம்தான், எல்லோரும் சேர்ந்து அதற்கு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம், நாளைக்கே எல்லோரும் சேர்ந்து இல்லை என்றால் இல்லை. உங்கள் அக்கா எட்டிப் பார்த்து, "கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டாள். மதிப்பு என்பதே ஒரு கூட்டு நம்பிக்கை என்று விளக்கினேன். அப்படியானால் அந்தக் கூட்டு நம்பிக்கையைக் கொண்டுபோய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வரச் சொன்னாள்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கால் பங்கைக் கிரிப்டோவில் போட்டேன். போடும்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வங்கிப் பெட்டகத்துக்கு எப்போதும் இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், இன்னொன்று மேனேஜரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். கிரிப்டோவிலும் அதே மாதிரி ஏற்பாடு உண்டா என்று பல் டாக்டரிடம் கேட்டேன். உண்டு என்றார், இரண்டு போனிலிருந்து ஒப்புதல் போனால்தான் பணம் நகரும், அதை ஒருமுறை அமைத்துவிட்டால் யாரைக் கெஞ்சியும் மாற்ற முடியாது. பழக்க தோஷம், ஒரு சாவியை என் போனிலும் மறு சாவியை உங்கள் அக்கா போனிலும் வைத்தேன். எங்கள் மேனேஜர் ஒருநாள் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியூர் போய்விட, வாடிக்கையாளர்கள் எல்லோரும் வாசலில் நின்று என்னைத் திட்டியதை அனுபவித்தவன் நான். தெரிந்தே செய்தேன். ஆனால் ஒன்று, சாவியைப் போனில் ஏற்றிக் கொடுத்தபோது உங்கள் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க என் கையில குடுத்த முதல் சாவி இதுதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

பிறகு விலை ஏறியது. ஏறும்போது மனிதர்கள் மேல் எனக்கு அளவு கடந்த இரக்கம் உண்டாயிற்று. பஸ்ஸுக்காக நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. என் பழைய மேனேஜர் மருந்துக்கடையில் சில்லறைக்காகக் காத்திருந்ததைப் பார்த்து, அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவர் மிரண்டு போனார். அந்த வேகத்திலேயே எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குப் போய், பராமரிப்புக் கணக்கைப் பொருளாளர் ஒருவர் மட்டும் வைத்திருப்பது பழைய காலத்து அடிமைத்தனம், நகல் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்று முழங்கினேன். பொருளாளர் ரோஷக்காரர், மறுநாளே ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் நகலை ஒட்டிவிட்டார். வீடு வீடாக எல்லோரும் சரிபார்த்தார்கள். அதிக மாதம் பாக்கி வைத்திருந்தது நான்தான். விலை ஏற ஏற, கணக்கில் மிச்சமிருந்த பணத்தையும் கிரிப்டோவுக்கு நகர்த்தியதில் வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போக வேண்டிய பராமரிப்புத் தொகை போகவே இல்லை. லிஃப்டில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை, கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்தது உங்கள் அக்கா விஷயம். அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. நடந்தது இதுதான். சந்தைக்குப் போய்விட்டு வந்து, வீட்டுச் செலவுக்குப் பணம் கேட்டாள். போன வாரச் செலவுக்கு ரசீது இருக்கிறதா என்றேன். காய்க்காரர் ரசீது தரமாட்டார் என்றாள். அப்படியானால் நான் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டேன். அவள் முகம் மாறியதும், சமாதானம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உன்னை மட்டும் நம்பவில்லை என்று அர்த்தமில்லை, யாரையுமே நம்பத் தேவையில்லாத ஏற்பாடு இது, அதுதான் இதன் அழகே என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவள் கத்தவில்லை. பையிலிருந்த தக்காளியை ஒவ்வொன்றாக ஃபிரிட்ஜில் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, "நம்பத் தேவையில்லாத வீட்டுல நான் எதுக்கு இருக்கணும்?" என்றாள். அடுத்த பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள், போனோடு.

அவள் படியிறங்கிய அன்றே விலையும் இறங்க ஆரம்பித்தது. அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பல் டாக்டர் சொல்கிறார், எனக்கென்னவோ சந்தேகம்தான். எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று என் சாவியைப் போட்டேன். அவள் போனுக்கு ஒப்புதல் கேட்டுப் போயிருக்கும். பதிலே இல்லை. பொறுக்க மாட்டாமல் உங்கள் மகளுக்குப் போன் செய்து, அத்தையை அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லம்மா என்றேன். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "வித்தா ரசீது குடுப்பாங்களான்னு அத்தை கேக்கச் சொன்னாங்க மாமா" என்றாள். பின்னால் நீங்கள் சிரித்த சத்தமும் கேட்டது. பரவாயில்லை.

இங்கே தனியாக இருந்ததில் ஒன்று புரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முடி வெட்டப் போனேன். அந்த மனிதர் கத்தியைத் தீட்டி என் கழுத்தில் வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கிருந்து மருந்துக்கடை. கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினேன். அங்கிருந்து பஸ். ஓட்டுநர் முகத்தையே பார்க்காமல் ஏறித் தூங்கிவிட்டேன். இவர்கள் யாரிடமும் நான் ரசீது கேட்கவில்லை. என் ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை, எப்போது என்று இத்தனை வருடம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவளிடம்தான், தக்காளிக்குக் கேட்டிருக்கிறேன். இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்பது இவ்வளவுதான். சாவி ஒரு ஊரிலும் பூட்டு ஒரு ஊரிலும் இருப்பது பாதுகாப்பு விதிகளுக்கு முரணானது. விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. ஆகவே சாவி வைத்திருப்பவர் நேரில் இங்கே வந்து இருப்பதுதான் நிர்வாக ரீதியில் சரி. இது முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணம் என்று அக்காவிடம் எடுத்துச் சொல்லுங்கள். வரும்போது அந்த ஃபிரிட்ஜையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள், தக்காளியில் பாதி வீணாகிவிட்டது, எதை எடுப்பது எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முட்டையை எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். வீடு நன்றாக இல்லை மாப்பிள்ளை.

உங்கள் மனைவியிடம் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். மகளுக்கு என் ஆசிகள், தூது போனதற்குத் தனியாக ஒரு ஆசி. எல்லோரும் நோய் நொடி இல்லாமல், எண்ணவே வேண்டாத அளவுக்கு நிறைவோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
தலைமைக் காசாளர் (ஓய்வு)

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது போன் மணியடித்தது. இரண்டாம் சாவி போடப்பட்டுவிட்டது. எல்லாம் விற்றாகிவிட்டது, போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. விற்ற கையோடு விலை மறுபடி ஏறத் தொடங்கியிருக்கிறது, ஏறட்டும். நியாயமாக எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் அவள் இங்கே திரும்பி வர நான் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே காரணமும் போய்விட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. ஆகவே மேலே எழுதிய காரணங்கள் எதுவும் இனி செல்லாது, அடித்துவிடவும். தபாலில் போட்டால் நாளாகும் என்று இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன், முழுவதையும் படித்து முடிக்கும் வரை என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். உள்ளே வரலாமா என்று அக்காவிடம் கேளுங்கள். எதற்கு வந்திருக்கிறார் என்று அவள் கேட்டால், சாவிக்கு இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை நானே சொல்லப் பார்க்கிறேன்.