கொடியிடை மாப்பிள்ளை

"நாளைக்கு நிக்காஹ். செஹ்ரா எங்கடா?" என்று கேட்டார் மக்பூல் அகமது.

மாப்பிள்ளையைப் புகழ்ந்து கல்யாணப் பந்தலில் உருதுவில் படிக்கும் கவிதைதான் செஹ்ரா. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த மக்பூல், மகள் ஷஹீன் பானுவின் கல்யாணத்துக்கு அவள் அண்ணனே எழுதுவான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மகன் இஷ்தியாக் மதராஸில் பி.ஏ. படிப்பது கவிதைதானே.

"அப்பா, நான் எழுதப் படிக்கல. தமிழ்க் கவிதை, உருதுக் கவிதை ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாக்கத்தான் படிக்கறேன்."

"ரெண்டு தோலைப் பக்கத்துல வெச்சுத் தரம் பாக்கறவனுக்கு ஒரு தோலைப் பதம் பண்ணத் தெரியாதா? செஹ்ரா சரியா வரலைன்னா திங்கக்கிழமை காலேஜ் இல்ல. ஷாப்புல தோல் ஊறவைக்கற சுண்ணாம்புத் தொட்டிதான்."

இஷ்தியாக்குக்கு அந்தப் படிப்பென்றால் உயிர். உட்கார்ந்து ஒரு வரி எழுதினான். அதைப் பெரிய கவிஞர்களோடு ஒப்பிட்டான். வெட்கப்பட்டு அடித்தான். படித்த பழக்கம் அப்படி.

அடுத்த ரயிலைப் பிடித்து வேலூருக்கு ஓடினான். அங்கே அவனுடைய வகுப்புத் தோழன் தேவசகாயம், தமிழில் பாட்டுக் கட்டுவதில் சூரன்.

"கல்யாணப் பாட்டுதானே? டீ குடிக்கற நேரத்துல தர்றேன்" என்றான். தந்தும் விட்டான்.

திரும்பும் ரயிலில் அதை உருதுவாக்க உட்கார்ந்தவனுக்கு வியர்த்தது. கெண்டை விழி, அன்ன நடை, கொடியிடை என்று பாட்டு முழுக்கப் பெண்ணைப் பற்றியே இருந்தது. ஆண்கள் நிறைந்த பந்தலில் சொந்தத் தங்கையின் இடையை வர்ணித்தால் முதுகுத் தோல் மிஞ்சாது. வேறு வழி தெரியாமல் அத்தனையையும் அப்படியே தூக்கி மாப்பிள்ளைமேல் வைத்தான்.

மாப்பிள்ளை ஆபித் பாஷா தங்கமான மனிதர். ஆனால் அவர் ஏறினால் ஜட்காக் குதிரை ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

மறுநாள் பந்தலில் எல்லோரும் காத்திருந்தார்கள். பெண்ணுக்கு இன்னும் அலங்காரம் முடியவில்லை என்றே உள்ளிருந்து தகவல் வந்தது. நிக்காஹ் நடத்த வந்த காஜியார் கொட்டாவி விட்டார்.

"அதுவரைக்கும் நீ படிடா" என்றார் மக்பூல்.

கெண்டை விழிக்கு "வாஹ் வாஹ்" வந்தது. அன்ன நடைக்கு இருமல் வந்தது. கொடியிடைக்குப் பந்தலே வெடித்தது. மாப்பிள்ளையின் முகத்தை மூடிய பூச்சரங்கள் குலுங்கின. ஊரிலேயே உரக்கச் சிரித்தவர் அவர்தான்.

"என் இடுப்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது மச்சான். அந்த வரிய இன்னொரு தரம் படிங்க" என்றார்.

மக்பூல் சிரிக்கவில்லை. மகனை ஓரமாக இழுத்துப் போனார்.

"மானத்த வாங்கிட்ட. திங்கக்கிழமை நீ தொட்டியில நிக்கற."

இஷ்தியாக்குக்குக் கண் கலங்கியது. பாதி படித்து வைத்த கவிதைகளெல்லாம் மதராஸில் அப்படியே கிடக்கும் என்று நினைக்கவே தாங்கவில்லை.

அப்போது வீட்டு வேலை செய்யும் பூவம்மாள், பெண்கள் பக்கத்திலிருந்து மூச்சிரைக்க வந்தாள்.

"ஐயா, காஜியார அனுப்புங்க. அலங்காரமும் இல்ல ஒண்ணும் இல்ல, இந்தக் கல்யாணமே வேணாம்னு காலைலேர்ந்து கதவ சாத்திக்கினு அழுத பாப்பா, தன்னக் கிண்டல் பண்ணதுக்கே இப்டி சிரிக்கற மனுஷன்னா சரின்னு கதவத் தொறந்துடுச்சு. ஆனா அண்ணன் படிப்ப நிறுத்தினா மட்டும் சம்மதம்னு கபூல் சொல்லாதாம்."