சரிங்க என்றால் சம்மதம்

குடைநாடு என்றொரு நாடு. அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று எந்தத் திசையில் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதை ஆண்டவர் அகளங்க மாமன்னர். அவர் மிகவும் நல்லவர். அரண்மனைச் செலவில் தெருவுக்குத் தெரு நட்டுவைத்த பலகைகளெல்லாம் அப்படித்தான் சொல்லின.

ஒருநாள் மன்னரின் காதுக்கு ஒரு குறை எட்டியது. வழக்குரைஞர்கள் குடிமக்களைக் கரும்பைப் போலப் பிழிகிறார்களாம். மன்னர் உருகிப்போனார். மறுநாளே சொந்த வாய்ச் சட்டம் பிறந்தது. இனி அறமன்றத்தில் ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது. அவரவர் குறையை அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வந்த யாரையும் மன்றம் திருப்பி அனுப்பவும் கூடாது. மக்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள்.

அரண்மனை மட்டும் தன்னுடைய நாற்பது வழக்குரைஞர்களையும் வைத்துக்கொண்டது. ஏன் என்று கேட்ட ஒருவருக்கு நீதி அமைச்சர் பரிபூரணனார் பொறுமையாக விளக்கினார்.

"உமக்கு வாய் இருக்கிறது. அரண்மனை ஒரு கட்டடம். கட்டடத்துக்கு ஏது வாய்? வாய் இல்லாத பிராணிக்கு இரங்குவதுதானே அறம்?"

கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சொந்த வாயோடு மன்றத்துக்கு வந்த ஜனங்களுக்கு எந்த அறைக்குப் போவது, யாரைக் கும்பிடுவது, எப்போது வாயைத் திறப்பது என்று ஒன்றும் புரியவில்லை. ஒருவர் தன் வழக்கு முழுவதையும் வாயிற்காவலரிடமே வாதாடி முடித்துவிட்டு, ஜெயித்துவிட்டதாக நினைத்து ஊருக்குப் போய்விட்டார். மன்றத்தின் மானம் கப்பலேறுவதைப் பொறுக்காமல் அமைச்சர் 'வாசல்துணை' என்று ஒரு வேலையை உண்டாக்கினார். அது தையல்நாயகிக்குக் கிடைத்தது. அவள் வெகுகாலம் ஒரு வழக்குரைஞரிடம் குமாஸ்தாவாக இருந்து, சட்டம் வந்த அன்று அவரோடு சேர்ந்து தானும் வேலை இழந்தவள்.

"நீ தகவல் சொல்லலாம். ஆலோசனை சொல்லக் கூடாது. சொன்னால் குற்றம்" என்றார் அமைச்சர்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"பானையில் தண்ணீர் இருக்கிறது என்பது தகவல். எடுத்துக் குடி என்பது ஆலோசனை."

"தாகத்துல மயங்கி விழறவங்க யாராச்சும் வந்தா?"

அமைச்சர் யோசித்தார். "பானை இருக்கும் திசையை இரண்டு முறை சொல்லலாம். இந்த அரசு இரக்கமற்றது அல்ல."

மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் பெஞ்சும் போட்டுக் கொடுத்தார்கள். தையல்நாயகிக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷமாக வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவரின் முதுகையே பார்த்து வந்தவளுக்கு இப்போதுதான் வழக்குக்காரர்களின் முகம் தெரிந்தது. வெலவெலத்துப்போய் வருவார்கள். உட்காரச் சொல்லி, தண்ணீர் இருக்கும் திசையைச் சொல்லி, தீர்ப்பாளர் கடித்துத் தின்ன மாட்டார் என்ற தகவலையும் சொல்வாள். போகும்போது பாதி பயம் குறைந்திருக்கும். இப்படியொரு வேலை தனக்கு வாய்த்ததே என்று அவள் மனசுக்குள் நன்றி சொல்லாத நாளில்லை.

நிலைமை இப்படியே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மன்னருக்கு ஒரு உறுத்தல். மக்கள் அவருடைய வெண்கொற்றக் குடை நிழலில் வாழ்வதாகப் புலவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். அப்படியொரு குடையோ அவரிடம் இல்லை. பொய்ப் புகழ் அவருக்குப் பிடிக்காது. ஆகவே அரண்மனைக்கு மேலே, மலையைவிட உயரமாக, இரும்புக் கம்பியில் ஒரு குடை விரித்தார். கூடவே ஓர் ஆணையும் வந்தது: குடை நிழல் விழும் வீடெல்லாம் மன்னரின் நிழலில் இருக்கிறது, மன்னரின் நிழலில் இருப்பது மன்னருடையது.

சூரியன் இந்த ஆணையைப் படிக்கவில்லை. காலையில் நிழல் மேற்கே நீண்டது, மாலையில் கிழக்கே நீண்டது. போன இடமெல்லாம் உரிமையும் கூடவே போயிற்று. உச்சிவேளையில் மட்டும் அரண்மனை மேலேயே விழுந்தது. அது ஏற்கெனவே மன்னருடையது என்பதால் அங்கே வழக்கு எழவில்லை.

வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மன்றத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அரண்மனை வழக்குரைஞர் எழுந்து யாருக்கும் புரியாத செந்தமிழில் நெடுநேரம் பேசுவார். முடிந்ததும் தீர்ப்பாளர் சாந்தப்பர் வீட்டுக்காரரைப் பார்த்து, "விளங்கிற்றா?" என்பார். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க" என்பார். உடனே எழுத்தர் 'சம்மதம்' என்று முத்திரை குத்துவார். வீடு போய்விடும்.

குடைநாட்டுப் பேச்சில் 'சரிங்க' என்றால் சம்மதம் என்று பொருளே கிடையாது. நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்று பொருள். பெரிய மனுஷர் முன்னால் வேறென்ன சொல்வது என்று பொருள். சீக்கிரம் விட்டால் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கலாம் என்று பொருள். எழுத்தரும் தன் மனைவியிடம் தினமும் பத்து முறை சரி என்று சொல்பவர்தான். ஆனால் முத்திரைக்கு அதெல்லாம் தெரியாது.

'சரிங்கன்னு சொல்லாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லத் தையல்நாயகிக்கு நாக்கு துடித்தது. அது ஆலோசனை. சொன்னால் மேசை போய்விடும். அடுத்து வருகிறவர்களுக்கு அதுவும் இல்லாமல் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தாள். மாடக்கண்ணு வரும்வரைக்கும்தான்.

மாடக்கண்ணு கீழத்தெருவில் கடலை வறுத்து விற்பவர். மரியாதைக்காரர், தூணில் இடித்துக்கொண்டால் தூணிடம் மன்னிப்புக் கேட்பார். பெஞ்சின் நுனியில் ஒட்டி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்காரிக்குக் கண்ணு தெரியாதும்மா. அந்தச் சுவரைத் தடவித் தடவித்தான் அடுப்படிக்கும் போறா, கொல்லைக்கும் போறா. எந்த மூலையில எது இருக்குன்னு கைக்குத் தெரியும். வேற வீட்ல கொண்டுபோய் விட்டா நின்ன எடத்துலயே நிப்பா."

தையல்நாயகி மேசையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, ஒரு தகவல். இந்த மன்றத்துல 'சரிங்க'ன்னு சொன்னவங்க வீடெல்லாம் இப்ப அரண்மனையோடது."

"சரிங்க" என்றார் மாடக்கண்ணு.

"இதே தகவலை இன்னொரு தடவையும் சொல்லலாம்னு இருக்கேன்."

"சரிங்க."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சற்று நேரம் கழித்துத்தான் மாடக்கண்ணுவுக்கு உறைத்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, இது என் நாக்கோடயே பொறந்ததாச்சேம்மா" என்றார்.

அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போகும்போது மடியிலிருந்து இரண்டு கை வறுத்த கடலையை எடுத்து வாயில் போட்டு அடைத்துக்கொண்டார். இது முழுக்க முழுக்க அவருடைய சொந்த யோசனை.

அரண்மனை வழக்குரைஞர் பேசி முடித்தார். "விளங்கிற்றா?" என்றார் தீர்ப்பாளர். மாடக்கண்ணு கன்னம் இரண்டும் உப்ப நின்றார். கழுத்து தானாக ஆடப் பார்த்தது. மோவாயைக் கையால் பிடித்துக்கொண்டார். மென்றார். மன்றம் முழுக்க அந்த நறநற சத்தம் கேட்டது.

"மன்றத்தில் தின்கிறீரா?"

ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். மென்று முழுங்கினார். கடலையோடு சேர்ந்து அந்த 'சரிங்க'வும் உள்ளே போய்விட்டது.

"நீங்க சொன்னதைக் கேட்டேனுங்க. ஒத்துக்கலீங்க."

எழுத்தருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரிடம் இருந்தது ஒரே முத்திரை. இன்னொன்று இதுவரை தேவைப்பட்டதே இல்லை. சம்மதம் இல்லையென்றால் நிழல் எந்தச் சுவரோடு முடிகிறது என்று அரண்மனைதான் அளந்து காட்ட வேண்டும். அளக்கப் போன அன்று மேகமூட்டம். மறுநாளும் அப்படியே. வழக்கு நின்றது, வீடும் நின்றது.

அதற்கும் அடுத்த நாள் மாடக்கண்ணு ஒரு பொட்டலத்தோடு வந்தார். வாசல்துணை யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்று மேசைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"இதுல கடலை இருக்குதும்மா. இது தகவல்தான். சாப்பிடுங்கன்னு நான் சொல்லவே இல்ல."

தையல்நாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று முழுவதும் அந்தத் தகவலை ஒவ்வொன்றாகத் தின்றாள்.

அதன் பிறகு மன்றத்தில் 'சரிங்க' அருகிப்போயிற்று. வீடுகள் நின்றன. அமைச்சருக்கு மூக்கில் வியர்த்தது. ஒற்றர்களை விட்டுப் பார்த்தார். அந்தப் பெண் தகவலைத் தவிர ஒரு வார்த்தையும் கூடுதலாகச் சொல்வதில்லை என்று வந்து சொன்னார்கள். ஆனால் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு கவலை தெரிகிறதாம். ஆகவே 'கண்ணால் ஆலோசனை வழங்கியது' என்று அவள்மேல் வழக்குப் போடப்பட்டது.

கூண்டில் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் இங்கே வந்து எப்படி நின்றிருப்பார்கள் என்று. அரண்மனை வழக்குரைஞர் பேசினார். அவளுக்குப் பாதிதான் காதில் ஏறியது. தான் போய்விட்டால் நாளைக்கு வரப்போகிற மேலத்தெருக்காரர்களுக்கு யார் சொல்வது என்பதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழக்குரைஞரின் குரல் வேறு அவளுடைய பழைய முதலாளியின் குரலைப் போலவே கனமாக இருந்தது.

"விளங்கிற்றா?" என்றார் சாந்தப்பர்.

"சரிங்க" என்றாள் தையல்நாயகி.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஊருக்கெல்லாம் சொன்னவளை அவள் நாக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. எழுத்தர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முத்திரையைக் குத்தினார். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

பின்னால் ஒருவர் எழுந்து நின்றார். மாடக்கண்ணு.

"ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது. உட்காரும்" என்றார் தீர்ப்பாளர்.

"அவங்களுக்காக இல்லீங்க. எனக்காகத்தான் பேசறேன். என் வழக்கு இன்னும் முடியல. இந்தம்மா அங்க இல்லைன்னா எனக்குத்தான் நட்டம். இது என் குறை. என் வாயாலதான் சொல்றேன்."

சாந்தப்பர் சட்டத்தைப் புரட்டினார். வந்த யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதில் இருந்தது. கேட்டுக்கொண்டார். மாடக்கண்ணுவுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். அவருக்கும் அதே குறை, ஆனால் சொந்தக் குறை. அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டிப் போயிருந்தது. அரண்மனையின் வழக்கு எதையும் எடுக்க நேரமில்லை. மாலைக்குள் நாற்பது வழக்குரைஞர்களும் அமைச்சரிடம் போய் இந்தப் பெண்ணை எப்படியாவது விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

"சம்மதித்த குற்றத்துக்குத் தண்டனை இல்லாமல் விட முடியாது" என்றார் அமைச்சர். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. அவள் மேசை அவளுக்கே. ஆனால் இனி வாயைத் திறக்கக் கூடாது. கண்ணையும் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

மறுநாள் தையல்நாயகி குனிந்த தலையோடு மேசையில் உட்கார்ந்தாள். மேலத்தெருக்காரர்கள் வந்து என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றார்கள். அப்போது பெஞ்சிலிருந்து ஒரு குரல், "இங்க வாங்க தம்பி, ஒரு தகவல் இருக்கு" என்றது. வழக்கே இல்லாத நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார் கீழத்தெருக்காரர் ஒருவர். அடுத்த நாள் இன்னொருவர் வந்தார். நாளாக நாளாகப் பெஞ்சில் இடம் போதவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. ஆனால் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தான் ஒற்றை ஆளாகப் பயந்து பயந்து செய்ததை இவர்கள் இத்தனை பேர் சேர்ந்து செய்வதைக் கேட்கக் கேட்க, இவர்களோடு பிறந்ததற்கே நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

குடைநாட்டில் மன்னரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று இதுவரை சொல்லவில்லை. அதிலொன்றும் சிக்கல் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மக்களையெல்லாம் பெரிய மைதானத்தில் கூட்டுவார்கள். கட்டியக்காரர் மேடையேறி மன்னரின் சாதனைகளைக் காலையிலிருந்து வாசிப்பார். வாசித்து முடித்துக் கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். கூட்டம் ஒரு வார்த்தை பதில் சொல்லும். அகளங்க மாமன்னரும் அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் ஆண்டார்கள்.

அந்த வருஷமும் கூட்டினார்கள். தையல்நாயகியும் கூட்டத்தோடு கூட்டமாக வெயிலில் நின்றாள். கட்டியக்காரர் வாசித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"விளங்கிற்றா?"

மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. கட்டியக்காரர் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை கேட்டார். முன்வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்த ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள். தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். அவளுடைய மேசைக்கு ஒருநாளும் வராத முகம்.

"எல்லாம் கேட்டோமுங்க" என்றாள் அந்தப் பெண். "யோசிச்சுச் சொல்றோம்."