வெள்ளி என்று எழுதியிருந்தது

படித்தவள் என்ற நினைப்பு ஒரு மனுஷியை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்று யாராவது கேட்டால், நான் என்னையே சாட்சிக்கு நிறுத்துவேன். ஒரு மட்பாண்டக் கூடத்துக்குத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தவள் நான். உள்ளே இல்லாத ஒரு மனிதரைக் காப்பாற்றச் சொல்லி வீரர்களை அனுப்பியவளும் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓக்லாந்தில், ஹில்ஸ்பரோ பகுதியில் வாடகை வீடு. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருஷம் இரசாயனம் படிப்பித்த நான், விரி என்ற தொழிற்பேட்டையில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். (நாள் முழுக்க லேபல் ஒட்டுகிறவள் ஒரு லேபலையும் வாசிப்பதில்லை. இது பிறகு தெரியவரும்.)

எங்களோடு இருந்த என் கணவரின் தங்கை வசந்திக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. அவளுடைய அம்மாவான என் மாமிக்கு ஊரிலிருந்து வர விசா கிடைக்கவில்லை. தனக்குப் பதிலாகத் தன் மெட்டிகளையாவது அனுப்புகிறேன் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் வந்து சேர்ந்தார். அவருடைய பை வரவில்லை.

அந்த மாதம் மழை விடவேயில்லை. அறைச் சுவர்களில் கறுப்பாகப் பூஞ்சணம். வசந்தி சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"சிட்னியில இருந்து எடுப்பிக்கலாம்" என்றார் கணவர்.

"கடையில வாங்கிறதெண்டால் ஆர் வாங்கினால் என்ன" என்றாள் வசந்தி. "அம்மான்ர கையால வந்ததெண்டுதானே பார்த்தனான்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நான் செய்து தாறன்" என்றேன்.

"அண்ணி, உங்களுக்கு உண்மையா ஏலுமோ?"

"நான் இரசாயனம் படிப்பிச்சனான்" என்றேன். எதற்கும் அந்த நாட்களில் என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

நான் சனிக்கிழமைகளில் ஒரு மட்பாண்ட வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே படிப்பித்த ஹெலன், ஜப்பானில் ஒரு புதுக் களிமண் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். வெள்ளித் தூளைக் களிபோலக் குழைத்தது. விரும்பிய வடிவத்தில் பிடித்து, காயவைத்துச் சூளையில் சுட்டால் மற்றதெல்லாம் எரிந்துபோய் அசல் வெள்ளி மிஞ்சும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். "சின்னப் பொதியாக இருக்கும். சரியானதைப் பார்த்து வாங்குங்கள்" என்றும் சொன்னார்.

கைவினைக் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் தீப்பெட்டி அளவில், ஜப்பானிய எழுத்தோடு, கேட்டால் மயக்கம் வருகிற விலையில். மற்றது வெளியே தட்டில் குவியலாக, சவர்க்காரக் கட்டி அளவில், மலிவாக. அதன் மேலும் வெள்ளி என்று எழுதியிருந்தது. ஜப்பான்காரனுடைய வெள்ளிக்கும் மற்றவனுடைய வெள்ளிக்கும் அணு எண் ஒன்றுதானே என்று எனக்கு நானே பாடம் நடத்தி, மலிவானதை எடுத்தேன். அந்த வெள்ளி, நிறத்தின் பெயர். அது வெறும் பிளாஸ்டிக் களி. பொதியின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கிறது. பின்பக்கத்தைப் பார்ப்பது படிக்காதவர்களின் வேலை என்று விட்டுவிட்டேன்.

வசந்தியின் கால்விரலை நூலால் அளந்து, சுருக்கத்துக்குக் கணக்குப் பார்த்து, பெரிய வளையங்களாகப் பிடித்தேன். கணவர் பார்த்துவிட்டு, "இது விரலுக்கோ, வாழைப்பழத்துக்கோ?" என்று கேட்டார். நாலு நாளாகியும் அவை காயவில்லை. ஓக்லாந்து ஈரத்தின்மேல் பழியைப் போட்டேன்.

சனிக்கிழமை வகுப்பில் எல்லோருடைய பாத்திரங்களும் சூளைக்குப் போக அடுக்கியிருந்தன. தொள்ளாயிரம் பாகை வெப்பம். வெள்ளி உருக இன்னும் அறுபது பாகை வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். "சரியான களிதானே?" என்று கேட்ட ஹெலனிடம், "வெள்ளிதான். நான் இரசாயன ஆசிரியை" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு சட்டிக்குள் வளையங்களை வைத்து மூடித் தள்ளினேன்.

தேத்தண்ணீர் நேரத்தில் மணம் வந்தது. அந்தக் கூடத்தில் அது என்னவென்று அறிந்தவள் நான் ஒருத்திதான். ஐதரோகுளோரிக் அமிலம். வெள்ளியில் குளோரின் இல்லை என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்போதுதான் நான் வாங்கியது வெள்ளியே இல்லை என்பது உறைத்தது. சூளையிலிருந்து கறுப்புப் புகை சுருள் சுருளாக வந்தது. ஹெலன் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். அபாய மணி அடித்தது. பத்துப் பேரும் மழைக்குள் கார் தரிப்பிடத்தில் போய் நின்றோம்.

என் பக்கத்தில் ஜொய்ஸ் நின்றார். எழுபது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். தேநீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கூடத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னது எனக்கு, "பிராங்க் உள்ளே இருக்கிறார்" என்றுதான் விளங்கியது.

வந்து இறங்கிய தீயணைப்பு வீரரின் கையைப் பிடித்து, "உள்ளே ஒரு ஆள் இருக்கிறார், பெயர் பிராங்க்" என்றேன். இரண்டு பேர் முகமூடி போட்டுக்கொண்டு ஓடினார்கள். "பிராங்க், பிராங்க்" என்று உள்ளே கூப்பிடுவது வெளியே கேட்டது. கழிப்பறைக் கதவைக்கூட உடைத்தார்கள். திரும்பி வந்தவர்களில் ஒருவர், "அவரைக் கடைசியாக எங்கே கண்டீர்கள்?" என்று கேட்டார்.

"மருத்துவமனையில்" என்றார் ஜொய்ஸ். "மார்ச் மாதம்."

பிராங்க் அவருடைய கணவர். சாம்பல் இன்னும் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. அதை வைக்கத்தான் அவர் ஆறு வாரமாக ஒரு சாடி செய்துகொண்டிருந்திருக்கிறார். சூளைக்குள் இருந்தது அந்தச் சாடி. பிராங்கினுடையது உள்ளே இருக்கிறது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

சூளை ஆறியபின் அதை வெளியே எடுத்தபோது நான் பார்த்தேன். வெளிர் நிறமாக இருந்திருக்க வேண்டியது, ஒரு பக்கம் முழுக்கக் கரி பிடித்திருந்தது. என் மெட்டிகள் இருந்த சட்டியில் கொஞ்சம் தார்போல ஏதோ ஒட்டியிருந்தது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் மழைக்குள் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து, குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். கணவர் வெளியே நின்று, "சரி, வாரும். ஒருத்தரும் சாகேல்லைத்தானே" என்றார். "செத்த ஆளுக்குத்தான் அநியாயம் செய்துபோட்டன்" என்று அழுதேன்.

அடுத்த சனி, கூனிக்குறுகிப் போனேன். ஹெலன் ஜொய்ஸிடம், திரும்ப ஒருமுறை சுட்டால் கரி போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றார் ஜொய்ஸ். சாடிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "நாற்பது வருஷம் சிகரெட் குடித்த மனிதர். இதுதான் அவருக்குப் பொருத்தம்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள், பதினொரு வருஷம் கழற்றாத என் மெட்டிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றி வசந்தியிடம் கொடுத்தேன். கணவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார். வசந்தி அவற்றை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "காணும், அண்ணி, இதுவே போதும்" என்றாள். மாப்பிள்ளை அம்மியடியில் அதைத்தான் போட்டுவிட்டார். மாமி அதை ஒருநாளும் காணவில்லை. அடுத்த வருஷம் ஊரிலேயே காலமாகிவிட்டார்.

பல வருஷங்களின் பின், ஜொய்ஸ் இறந்து ஒரு வாரத்தில் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவையும் அதே சாடியில் சேர்த்துவிட்டோம் என்றார். பிறகு தயங்கி, "சாடியின் அந்தக் கறுப்பு கிளேஸ் பூச்சு மிக அழகு. ஒரு இரசாயன ஆசிரியை செய்ததென்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவார். என்ன கலந்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு, சமையலறை வாசலில் நின்ற என் பிள்ளைகளுக்கும் கேட்டது. இப்போது எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் யாரும் கோபிப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையை உயர்த்திப் பார்த்து, "நைஸ் கிளேஸ், அம்மா" என்பார்கள்.