மூச்சு விடும் பிணமும் மூன்று கொலையாளிகளும்

திரைப்படச் சங்கத் தலைவியும் என் மகன் வயிற்றுப் பேத்தியுமான செல்லத்துக்குப் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தாத்தாவும் அவரவர் முழங்கால் அனுமதிக்கும் அளவுக்குச் சௌக்கியம். உன் சௌக்கியம் உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போன மாதப் படத்துக்கு நாலே பேர் வந்தார்கள், அதிலும் ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர், இந்த முறையும் நாற்காலி காலியாகக் கிடந்தால் அரங்கத்தை மெத்தைக் கடைக்குக் கிடங்காக விட்டுவிடுவேன் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் பேத்தி மெத்தைக்கு வழிவிட்டாள் என்று ஒருத்தர் வாயால் கேட்க மாட்டேன்.

நீ கைபேசியில் அனுப்பிய அந்தப் பழைய கொலைப் படத்தை உட்கார்ந்து பார்த்தேன். யாருமே கேள்விப்படாத படம் என்கிறாய், அது அவர்கள் தலையெழுத்து. பணக்காரர் கம்பளத்தில் செத்துக் கிடக்கிறார், ஆனால் வயிறு ஏறி இறங்குகிறது. துப்பறிகிறவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, உயிர் பிரிந்து வெகுநேரமாயிற்று என்கிறார். அவருடைய மீசை ஒரு காட்சியில் மூக்குக்குக் கீழே, அடுத்த காட்சியில் கொஞ்சம் கன்னத்துப் பக்கம். கதவைச் சாத்தினால் சுவர் ஆடுகிறது. மழை ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் பெய்கிறது. 'இதெல்லாம் ஒரு படமா' என்று எழுந்து போன தாத்தா, கதவோரம் நின்றே பாதியைப் பார்த்துவிட்டார். இப்போது வருகிற படங்களில் செத்தவன் நிஜமாகவே செத்துப்போகிறான், எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. இதில் அந்த மனுஷன் மூச்சு விடுகிறார், பார்க்கிறவளுக்கும் ஒரு தைரியம். விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிற வேலைக்காரி இருக்கிறாளே, ஒரு வசனம்கூடக் கிடையாது, ஆனால் படமே தன் கையில் இருக்கிற மாதிரி எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவருகிறாள். கையில் காசில்லாமல் ஆசையாக எடுத்திருக்கிறார்கள், பாவம்.

சரி, ஆள் சேர்ப்போம் என்று மருந்துக்கடைக்குப் போனேன். அவர் மாத்திரை எடுக்கிறதுக்குள்ள கதையை ஆரம்பிச்சு, வாய் சும்மா இருந்தால்தானே, கொன்னது குடும்ப டாக்டர்தான்னு சொல்லிட்டேன். அந்த மனுஷன், "ரொம்ப நன்றிம்மா, இனிமே நான் எதுக்கு வரணும்?" என்கிறார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அதனாலே தையற்காரர்கிட்டே போய், கொன்னது சமையல்காரன், வெளியே சொல்லாதீங்க தம்பின்னேன். மாடிவீட்டம்மாகிட்டே, செத்தவரோட பொண்டாட்டிதான்னேன். "நினைச்சேன், அவ முழியே சரியில்லை"ன்னாங்க, படத்தையே பார்க்காமல்.

வெளியே சொல்லாதீங்கன்னா யாராவது சும்மா இருப்பாங்களா. சட்டைக்கு அளவு கொடுக்கப் போன மருந்துக்கடைக்காரருக்கும் தையற்காரருக்கும் அங்கேயே சண்டை பிடிச்சுக்கிச்சு. "உங்க கடைக்குச் சீட்டு எழுதறவரை நீங்களே மாட்டிவிடறீங்களே" என்று தையற்காரர் கேட்க, "உங்க சமையல்காரனுக்குக் கத்திரிக்காய் வெட்டவே தெரியாதுய்யா" என்று அவர் சொல்ல, அளவு நாடா கழுத்தில் கிடக்க, மாடிவீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"யார்தாம்மா கொன்னது? ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க?"

"மூணு பேர்ல ஒருத்தர்கிட்டே நிஜத்தைத்தான் சொன்னேன். யார்கிட்டேன்னு அரங்கத்துல போய்த் தெரிஞ்சுக்குங்க."

உள்ளேயிருந்து தாத்தா, "கொலைக்கு ஆள் சேர்க்கிற கிழவியை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

இப்போது தெருவே மூன்று கட்சி. மருந்துக்கடைக்காரர் மச்சான் குடும்பத்தோடு வருகிறார். தையற்காரர் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்துகிறார். மாடிவீட்டம்மா தங்கச்சிமார்களுக்கு ஒரு வரிசையே கேட்கிறாங்க. கூடுதலாக நாற்காலி பார்த்து வை. மெத்தையில் வேண்டுமானால் உரிமையாளர் படுத்துக்கொள்ளட்டும்.

உன் அரங்கத்தில் விளக்கு அணையும்போதெல்லாம் உன் முகம் வெளிச்சமாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பாவைப் பெற்றவள்

பின்குறிப்பு: கொலையாளி யாரென்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. துப்பறிகிறவர் எல்லாரையும் நிற்கவைத்து விரலைத் தூக்கினார் பார், அத்தோடு கைபேசி அணைந்துபோயிற்று. தாத்தா சார்ஜ் போடப் போனார், கையைத் தட்டிவிட்டேன். மிச்சத்தை உன் அரங்கத்தில்தான் பார்ப்பேன். முன்வரிசையில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் போட்டு வை, கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடு. அவர் தோட்டக்காரன் கட்சி. படத்தில் தோட்டமே கிடையாது.