கோகுலனின் வாயில் யாழ்ப்பாணம்

எனக்குக் கோபம் வந்தால் மற்றவர்களைப்போல் கத்திவிட்டு அடங்கத் தெரியாது. ஒருமுறை வந்த கோபத்தில் குறும்படமே எடுத்துவிட்டேன்.

கோபம் நியாயமானதுதான். சினிமாவில் இலங்கைத் தமிழன் என்று எவன் வந்தாலும் யாழ்ப்பாணப் பேச்சு, அதுவும் அரைகுறையாக. மட்டக்களப்பான் என்ன, ஊமையா? கன்டோனீஸ்காரர்களைப் பாருங்கள்! ஹாங்காங் சந்தையில் மீன் விற்கிறவன் பேசுகிற பேச்சு அது. பெரிய சீனமான மண்டரினில் வந்த படங்கள் அடித்த அடியில் ஒரு கட்டத்தில் கன்டோனீஸில் படமே வராமல் போனது. பிறகு அதே சந்தைப் பேச்சில் சிரிக்கச் சிரிக்கப் படம் எடுத்து எழும்பி வந்தார்கள். இன்று நம் கதாநாயகர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பத்துப் பேரை உதைப்பது யாரிடம் படித்தது? (ஒருவனாவது நன்றி சொன்னானா?)

ஆகவே, மட்டக்களப்புப் பக்கத்து எங்கள் ஊர் செட்டிபாளையத்தில், மட்டக்களப்புத் தமிழில் ஒரு குங்ஃபூ படம். கதாநாயகன் என் சிநேகிதன் கோகுலன். அவனுடைய வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, நிலம் பிடிக்க வரும் வில்லன் நான். (ஒப்பனை தேவைப்படவில்லை.)

ஹாங்காங்கில் அந்தக் காலத்தில் சத்தமில்லாமல் படம் பிடித்துவிட்டு, குரலைப் பின்னால்தான் சேர்ப்பார்கள் என்று வாசித்திருந்தேன். நானும் அப்படியே செய்தேன்.

"மைக் எங்க மச்சான்?" என்று கோகுலன் கேட்டான்.

"அதெல்லாம் மறுகா பாப்பம். நீ வாய மட்டும் அசை."

குரல் சேர்ப்பதற்குள் அவனுக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. அங்கிருந்து அவன் அனுப்பிய குரல்பதிவில் வசனத்தைவிட ஏசியின் இரைச்சல்தான் தெளிவாகக் கேட்டது. படம் பார்க்க நூலக மண்டபத்துக்கு ஊரையே கூப்பிட்டாயிற்று. இரண்டே நாள் மிச்சம். நான் பேசினால் வில்லனும் கதாநாயகனும் ஒரே குரலில் சண்டை பிடிப்பார்கள். எஞ்சியவர் என் மனைவியின் அண்ணன். கல்யாண வீடுகளில் அறிவிப்பாளர், கணீரென்ற குரல். ஒரே குறை, தங்கையைப்போலவே யாழ்ப்பாணத்தார்.

"மச்சான், 'மறுகா' எண்டு சொல்லணும். 'பிறகு' எண்டு சொல்லிராதீங்க."

"நீர் பயப்பிடாதையும். அச்சொட்டாச் சொல்லுவன்."

ஒத்திகையில் அச்சொட்டாகத்தான் சொன்னார். பதிவைக் கேட்டுப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஈரத் துவாயைச் சீமெந்துத் தரையில் அடித்து அடித்து உதைச் சத்தம் பதிந்துகொண்டிருந்தேன். படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நம்பிய மடையன் நான்.

திரையிடுமுன் நம் பேச்சின் பெருமை பற்றிப் பதினைந்து நிமிடம் முழங்கினேன். கைதட்டினார்கள். திரையில் கோகுலன் வரம்பில் ஏறி, காலை உயர்த்தி, வாயைத் திறந்தான்.

"உங்கை நில்லும்! எங்கடை வயலுக்கை கால் வைக்காதையும்!"

அசல் யாழ்ப்பாணம். வில்லனுக்கு மரியாதை வேறு. பின்வரிசையில் ஒருவர், "டேய், இதுக்கா பதினஞ்சு நிமிசம் கத்தினாய்?" என்று கேட்டார். சிரிப்பு கூரையைத் தூக்கியது. பக்கத்தில் இருந்த மச்சான் என் தொடையைத் தட்டி, "குரல் நல்லா வந்திருக்கு, என்ன?" என்றார். அவரைக் கொல்லலாம்போல இருந்தது.

முன்வரிசையில் கோகுலனின் அம்மா எழும்பினார்.

"வாய் என்ட மகன்ட. உள்ளுக்க ஆருட நாக்கு? அவன் கதைக்கிறதக் கேக்கத்தானே வேலைய விட்டுப்போட்டு வந்தன் நான்!"

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்குக் குரல் வாங்கிக் கொடுக்கப் புறப்பட்டவன், ஒரு தாய்க்குப் பிள்ளையின் குரலைக்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் கோகுலனின் ஏசி இரைச்சல் பதிவைக் கொண்டுபோய் அவரிடம் போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டார். எனக்குத் தேத்தண்ணி தரவில்லை.

அன்றிலிருந்து என் மனைவி கோபம் வந்தால் கத்துவதில்லை. இடுப்பில் கை வைத்து, என்னைப் பார்த்து வாயை மட்டும் அசைப்பாள். என்னவென்று கேட்டால், "சத்தம் பிறகு போடுறன்" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சத்தமே வராத அந்த ஏச்சில் ஒரு சொல்கூட மட்டக்களப்புத் தமிழ் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.